சாய்ந்த நாலு

டக், டக் என்று இரண்டு அடி. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னும் ஒன்று. குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்த ஒரு காலை நேரம். சிக்னல் கிடைக்கிற இடம் தேடி, போனைக் காதில் வைத்தபடி அருவிக்குப் போகிற சாலையில் ஒரு பழக்கடை முன்னால் நின்றிருந்தேன். எண்ணெய் தேய்த்த உடம்புகளும் ஈரத் துண்டுகளுமாக ஜனம் போய்க்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் காணாமல்போன ஒரு பையனின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தனை இரைச்சலையும் தாண்டி அந்தச் சத்தம் தனியாக வந்து காதில் விழுந்தது. அதைக் கேட்டு வளர்ந்தவன் நான், என்ன சத்தம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. போனை அணைக்காமலே ஓடினேன். துண்டுக்கடையின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தபோது அத்தை சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் இரும்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரித்தாள். “வந்து பாரு மருமகனே, முத்து முத்தா நிக்கி” என்றாள்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, தென்காசியில் வண்டிகளைப் பதிவு செய்கிற ஆபீசுக்கு வெளியே சேசிஸ் பிரிண்ட் எடுக்கிறவள். பெயர் மாற்றவோ மாவட்டம் மாற்றவோ எந்த வண்டி வந்தாலும், அதன் இரும்புச் சட்டத்தில் கம்பெனியில் அடித்து அனுப்பிய நம்பரைத் தாளில் ஒற்றி எடுத்து விண்ணப்பத்தில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸைத் துடைப்பாள், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள், மெல்லிய தாளை நம்பர்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்து இழுப்பாள். கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாக எழுத்துகள் எழுந்து வரும். லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து அவள் பிரிண்ட் எடுப்பதைப் பார்க்க முதல்முறை வருகிற டிரைவர்கள் கூச்சப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். “ஏம் அண்ணாச்சி, உம்ம வண்டிய நான் ஒண்ணும் கொண்டு போயிர மாட்டேன், இங்கன நின்னு லைட்டப் பிடியும்” என்று அடியிலிருந்தே சத்தம் கொடுப்பாள். மாமா இருந்தவரை லேத் பட்டறை வைத்திருந்தார். அவர் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்ட அவளுக்கு மிஞ்சியது ஒரு மரப்பெட்டி, அதற்குள் எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒவ்வொன்றாக இரும்பு அச்சுகள். நம்பர் துருவேறி மங்கிவிட்டது, திரும்ப அடித்துக் கொண்டுவா என்று ஆபீசில் எழுதிக் கொடுத்தால், பழைய பள்ளத்தின்மேலேயே அச்சை நிறுத்தி, மயிரிழை பிசகாமல் அடித்துக் கொடுப்பாள்.

அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் நான்தான் முதலில் பள்ளிக்கூடம் தாண்டிக் கல்லூரிக்குப் போனவன். எண்கள் அவளுக்குத் தெரியும். ஆங்கில எழுத்துகளை அவளாகப் பெயர் வைத்துக் கூப்பிடுவாள். எம் அவளுக்கு ரெண்டு மலை, எஸ் பாம்பு, டி வயித்துக்காரி, பி ஒத்தக்கால்காரி. அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு பதினேழு எழுத்தையும் ஒரே மூச்சில் சொல்லி, பிரிண்டையும் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தையும் ஒத்துப் பார்த்துவிடுவாள். அவள் கொடுத்த பிரிண்ட் ஒன்றுகூடக் கவுண்டரிலிருந்து திரும்பி வந்ததில்லை என்பதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வீட்டுக்கு வருகிற தபால் எதுவானாலும் என் கையில்தான் தருவாள். பாங்கிக் காகிதம், கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் நான் வந்து வாசிக்கும்வரை தொலைக்காட்சிப் பெட்டிமேல் வைத்திருப்பாள். நான் வாசித்துச் சொன்னால் சொன்னதுதான். “எம் மருமவன் சொல்லிட்டாம்லா” என்பாள், அதற்குமேல் அப்பாகூடப் பேச முடியாது.

படித்து முடித்ததும் தென்காசியிலேயே ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்களின் பழைய கையெழுத்துக் காகிதங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற வேலை. எனக்கு வாய்த்தவர் ஸ்பெயின் நாட்டில் ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியர். அலுவலகத்தில் எல்லாரும் அவரை ஸ்பெயின் வாத்தியார் என்றுதான் சொல்வோம். அவர் சேகரித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு விஷயம்: தன் ஊர்ப்பக்கம் இருந்து, மூடிப்போன ஒரு பட்டறை அந்தக் காலத்தில் செய்த மோட்டார் சைக்கிள்கள். அவை ரோட்டில் ஓட்டுவதற்கான வண்டிகள் அல்ல. பாறைமேலும் ஓடைக்குள்ளும், கால் தரையில் படாமல், நின்றுகொண்டே ஓட்டிக் கடக்கிற பந்தயத்துக்கானவை. சதையே இல்லாத வண்டிகள். உட்கார ஒரு கைப்பிடி அளவு இடம், ஒல்லியான டேங்க், முரட்டு டயர். அவற்றில் பெரிய எஞ்சின் வண்டிகள் உலகம் முழுக்கக் கிடைக்கின்றன. பழகுகிற விடலைப் பையன்களுக்கென்று எழுபத்துநாலு சிசியில் கொஞ்ச வண்டிகள் செய்திருக்கிறார்கள். அவைதான் காணாமல்போய்விட்டன. பையன்கள் கையில் அடிபட்டே பாதி செத்தன, மீதியில் பெரிய எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டார்கள். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஹேண்டில் பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் அடித்திருக்கிற நம்பர் ஒன்றுதான் சாட்சி. மிஞ்சியிருக்கிற சின்ன வண்டி ஒவ்வொன்றின் கழுத்து நம்பரையும் பென்சிலால் ஒற்றி எடுக்கச் சொல்லி வாங்கி, பக்கத்துக்கு ஒன்றாகப் புத்தகம் போடப்போகிறேன் என்று அவர் எழுதியிருந்தார். வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தின் அந்தக் கோடியில் ஒருவர் எங்கள் அத்தை செய்கிற வேலையைக் கேட்டுக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சிரிப்பு நின்றது ஒரு போட்டோவைப் பார்த்த அன்று. குறிப்பு எழுதுவதற்காக அவர் அனுப்பிய பழைய படங்களில் ஒன்று. ஒரு வெள்ளைக்காரர் அந்த ஒல்லி வண்டியில் நின்றபடி ஈரப் பாறையில் ஏறிக்கொண்டிருக்கிறார். பின்னால் வேட்டியை மடித்துக் கட்டியவர்கள் வாயைப் பிளந்து நிற்கிறார்கள். கீழே ‘இந்தியா, இடம் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தது. அந்தப் பாறை எனக்குத் தெரியும். ஐந்தருவிக்கு மேற்கே, நான் சறுக்கி விழுந்து முழங்கை பெயர்ந்த பாறை. அலுவலகத்திலிருந்து பஸ் ஏறினால் கால் மணி நேரம். நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் “என்ன தம்பி, பாம்பா?” என்று காலைத் தூக்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தேடல்தான். படத்தைப் பெரிதாக்கி அச்செடுத்துக்கொண்டு செங்கோட்டையில் பழைய ஜீப் டிரைவர்கள் உட்காருகிற டீக்கடையில் காட்டினேன். கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஒரு எஸ்டேட்டில் இயந்திரம் நிறுவ வந்த துரை அவர் என்று ஒருவர் சொன்னார். துரை ஊருக்குத் திரும்பும்போது வண்டியைத் தன் ஜீப் டிரைவருக்கே கொடுத்துவிட்டுப் போனாராம். டிரைவர் வடகரைக்காரர், காலமாகிவிட்டார், மகன் குற்றாலத்தில் சீசனுக்குத் துண்டுக்கடை போடுகிறவர் என்று இன்னொருவர் சொன்னார். போனேன். எல்லாரும் பாய் என்று கூப்பிடுகிற அவர் கடையில் நூறு துண்டு தொங்கியது. படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பார்த்துவிட்டு, பேசாமல் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், சுவரோரமாக ஈரத் துண்டுகள் காய்ந்த ஒரு குவியலைக் காட்டினார். நாலு துண்டை எடுத்தார். கீழே ஹேண்டில் பார் இருந்தது. உலகத்தில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு கிழவர் இருபது வருடமாகக் கடிதம் எழுதித் தேடுகிற வண்டி, துண்டு காயப்போடுகிற கொடியாக நின்றுகொண்டிருந்தது. குனிந்து ஹேண்டில் பாரைப் பிடித்துப் பார்த்தேன். பாய்தான் பேசினார்: “எங்க வாப்பா இதுல ஏறி விழாத நாள் கிடையாது தம்பி. சீட்டு உண்டுமா, கேரியர் உண்டுமா? வெள்ளக்காரனுக்கு உக்கார முடியாத வியாதி போல, நின்னுக்கிட்டே ஓட்டுத வண்டி செஞ்சிருக்கான்.”

எஞ்சின் இறுகிக் கிடந்தது. அதில் இருந்த நம்பரைத் துரு தின்றுவிட்டது. கழுத்தில் பச்சை, நீலம், மறுபடி பச்சை என்று பெயிண்ட் ஏறி, நம்பர் இருக்கிற மேடுபள்ளம் மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது. வாத்தியாருக்கு எழுதினேன். அன்றைக்கே பதில் வந்தது. பிழைகள் நிறைந்த ஆங்கிலத்தில், ஒரு பையனைப்போலக் குதித்து எழுதியிருந்தார். பட்டறையில் நம்பர் அடித்தவரின் கைவாகு அவருக்குத் தெரியுமாம், நாலை மட்டும் அவர் எப்போதும் சாய்த்தே அடிப்பாராம், அந்தச் சாய்வைப் பார்த்தாலே உண்மை வண்டி என்று சொல்லிவிடுவாராம். பென்சில் பிரிண்டை உடனே எடுத்து அனுப்பு, எடுத்தவர் பெயரை அதன் அடியில் அச்சிடுவேன் என்றும் இருந்தது. நான் வீட்டுக்குப் போய் அத்தையிடம் சொன்னது அந்தக் கடைசி வரியை மட்டும். சாய்வு விஷயத்தை அவளிடம் ஏன் சொல்லவில்லை? படிக்காதவளிடம் அதையெல்லாம் எதற்கு என்று நினைத்திருப்பேன். எவ்வளவு முயன்றாலும் அதற்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

“எம் பேரா? புத்தகத்துலயா?” என்று இரண்டுமுறை கேட்டாள் அத்தை. அவள் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் எழுத்துப் பிழையோடு இருக்கிறது. அதற்கு வெளியே எங்கும் இல்லை. “நம்பர் தெளிவா விழணும் அத்தை. ஒவ்வொரு எழுத்தும் தெரியணும். இல்லாட்டி அந்த மனுசன் ஒத்துக்க மாட்டாரு” என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். என் வாயால், இதே வார்த்தைகளில் சொன்னேன். “என் பிரிண்டு எதுலே திரும்பி வந்திருக்கு?” என்றாள். குற்றாலத்துக்குக் கிளம்பிய அன்று அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டாள். மரப்பெட்டியைப் பையில் வைத்ததை நான் பார்த்தேன். எங்கே போனாலும் கொண்டுபோகிற பெட்டி என்று விட்டுவிட்டேன்.

பெயிண்டை அவள் உரித்த விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தின்னர் தொட்ட பஞ்சை நிமிஷக்கணக்கில் ஒற்றி ஒற்றி, ஆறிய பாலின் ஆடையை எடுப்பதுபோல ஒவ்வொரு நிறமாக எடுத்தாள். கடைசியில் வெள்ளை இரும்பு தெரிந்தது, அதில் புகைபோல நம்பர். விரலால் தடவி, “ஒத்தக்கால்காரி, வயித்துக்காரி, ஏழு, ரெண்டு” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். “நாலு. ஏலே, இந்த நாலப் பாரு, சாஞ்சுபோய் நிக்கி. குடிச்சிட்டு அடிச்சிருக்கான் அந்தூர்க்காரன்” என்று சிரித்தாள். பாயும் சிரித்தார். சாய்ந்த நாலு! வாத்தியாரிடம் உடனே சொல்ல வேண்டும் என்கிற பரபரப்பில், நம்பரைப் படம் எடுக்கக்கூடத் தோன்றாமல், போனைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினேன். “அத்தை, நீ பிரிண்ட எடுத்து வையி” என்று சொல்லிவிட்டுத்தான் ஓடினேன். வாத்தியார் போனை எடுத்து, நான் சொன்னதைக் கேட்டு, “சாய்ந்திருக்கிறதா? நிஜமாகவா?” என்று குரல் உடைந்து கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த மூன்று அடி விழுந்தது.

நடந்தது இவ்வளவுதான். முதல் பிரிண்ட் மங்கலாக விழுந்திருக்கிறது. தெளிவாக வேண்டும் என்று மருமகன் சொல்லியிருக்கிறான். மங்கிய நம்பருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக அச்சை நிறுத்தி அடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். சாலை இரைச்சலில் எனக்குக் கேட்டது கடைசி அடிகள் மட்டும்தான். குடிகாரன் சாய்த்துவிட்டுப் போன நாலைப் புத்தகத்தில் போய்ச் சேர வேண்டிய அழகுக்கு நிமிர்த்தியும் வைத்துவிட்டாள். புதுப் பிரிண்டை என் முன்னால் நீட்டினாள். பள்ளிக்கூடப் பலகையில் எழுதியதுபோல இருந்தது. “பழசு எங்க அத்தை? முதல்ல எடுத்தது?” என்று கேட்டேன். “அந்தக் கிறுக்கலா? கசக்கி எறிஞ்சாச்சு. எங் கையில இருந்து அப்படி ஒண்ணு வெளிய போகலாமா?” கடைக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடையைக் காட்டினாள். சாரல் தண்ணீரில் அது புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓரமாகவே பாலம் வரைக்கும் போனேன். ஷாம்பு உறைகளும் வாழை இலையும் போய்க்கொண்டிருந்தன. பாலத்துத் தூணில் ஒரு வெள்ளைக் கூழ் ஒட்டியிருந்தது, எடுத்தால் விரலில் கரைந்தது. அதுதானா என்றுகூடத் தெரியாது.

திரும்பி வந்தபோது அவள் பாயிடம் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். “நல்லா இருக்குல்லா?” என்றாள். நான் சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அந்த டீ ஆறுவதற்குள் சொல்லியிருக்க வேண்டும். “நல்லா இருக்கு அத்தை” என்றேன்.

வாத்தியாரிடம் நான் பொய் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, புதுப் பிரிண்டையும் வண்டியின் படங்களையும் அனுப்பினேன். பதிலுக்கு நாலு நாள் ஆனது. இது உண்மையான சின்ன வண்டியாக இருக்கும் என்று தான் நம்புவதாகவும், ஆனால் யார் வேண்டுமானாலும் எந்தச் சட்டத்திலும் எந்த நம்பரையும் அடித்துவிடலாம் என்பதால், திரும்ப அடித்த நம்பரைச் சேர்ப்பதில்லை என்ற விதியை இருபது வருடமாக யாருக்காகவும் மீறியதில்லை என்றும் எழுதியிருந்தார். கோபமாக ஒரு சொல் இல்லை. உன் அத்தையிடம் எதுவும் சொல்லி வருத்தப்படுத்தாதே என்று முடித்திருந்தார். அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டேன். அன்று மாலை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “என்னலே சொன்னாரு ஸ்பெயின்காரரு?” என்று அத்தை கேட்டாள். “சேத்துக்கிட்டாராம் அத்தை” என்றேன்.

மறுநாளே அது வண்டி ஆபீஸ் வாசல் முழுக்கப் பரவிவிட்டது. விண்ணப்பம் எழுதுகிறவர்களும் இன்சூரன்ஸ் போடுகிறவர்களும் அவளை “ஸ்பெயின் அக்கா” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். “ஸ்பெயின் அக்கா, எனக்கு விசா எடுத்துத் தருவியா?” “உனக்கு எதுக்குலே விசா, லைசென்ஸே கிடையாது உனக்கு.” எதிரில் லாரிக்கு அடியிலிருந்து அவள் கொடுக்கிற பதிலுக்கு எல்லாரும் சிரிப்பார்கள். நானும் நின்று சிரித்திருக்கிறேன். மாதங்கள் போகப் போக அந்தப் பொய் ஒரு பழைய செய்தி ஆகிவிட்டது. புத்தகம் வரும், வந்தால் அலுவலக முகவரிக்கு வரும், மறைத்துவிடலாம் என்று இருந்தேன். வாத்தியார் அன்பு மிகுதியில் வீட்டு முகவரிக்கு அனுப்பிவிட்டார்.

சாரல் விட்டுவிட்டுப் பெய்த ஒரு சனிக்கிழமை மதியம். வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தாள். உறை பிரிந்து கிடந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள், நகக்கண்ணில் எப்போதும் இருக்கிற பென்சில் கறுப்புகூடப் போகும்படி தேய்த்திருந்தாள். புத்தகம் அவள் மடியில். “எதுலே நம்முது?” என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒவ்வொரு நம்பராகப் பார்த்து முடித்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. படிக்கத் தெரியாதவள் படம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைத்தேன். புத்தகத்தை வாங்கிப் புரட்டி, ஏழும் ரெண்டும் நாலும் வருகிற ஒரு பக்கத்தைப் பிடித்து, அதன் அடியில் இருந்த பெயரில் விரலை வைத்தேன். “இதான் அத்தை. இங்கன பாரு, உன் பேரு.”

அவள் பெயரைப் பார்க்கவே இல்லை. நம்பரில் விரலை வைத்துத் தடவினாள், வெறும் அச்சு என்று தெரிந்தும் தடவினாள். “இதுல நாலு சாஞ்சிருக்கு லே” என்றாள். பிறகு மெதுவாக, “நான் நிமித்துல்லா அடிச்சேன். இது எங் கை இல்ல.”

விரலைப் பக்கத்திலிருந்து எடுத்தேன். மூன்று வருடம் கல்லூரியில் படித்தவன், ஒரு பக்கத்தைக் காட்டி ஏமாற்றியது யாரை என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. அந்தப் புத்தகத்தை உலகத்திலேயே சரியாக வாசிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேரில் ஒருத்தியை. அவள் இன்னும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, எம் பேருன்னு காட்டுனியே, அது யாரு பேரு?”

“யாரோ ஒருத்தர் பேரு, அத்தை.”

எல்லாவற்றையும் சொன்னேன். சாய்வு, விதி, கடிதம், தெளிவாக வேண்டும் என்று நான் சொன்னது, எல்லாம். நம்பரைக் கெடுத்தது தான் என்று தெரிந்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள், “கெடுத்தது நாந்தான்” என்று ஒருமுறை சொன்னாள், தாளில் கிரீஸ் பட்டுவிட்டது என்று ஒத்துக்கொள்வதுபோல. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“இதுக்கு முன்னாலயும் இப்பிடி வாசிச்சிருக்கியாலே?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு நொடி தாமதமாகிவிட்டது. நான் கல்லூரி முதல் வருடம் படித்தபோது, விதவை உதவிக்கு அவள் போட்ட மனுவை நிராகரித்து ஒரு கடிதம் வந்திருந்தது. அன்று அவளுக்குக் காய்ச்சல். அதனால் “இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்களாம்” என்று வாசித்தேன். அப்புறம் திருத்திச் சொல்ல மறந்தேன், அல்லது மறந்ததுபோல இருந்துகொண்டேன். அவள் ஆறு மாதம் அந்த ஆபீசுக்கு நடந்தாள். போகும் நாளெல்லாம் தலை வாரிப் பூ வைக்காத கொண்டையைச் சரிசெய்துகொண்டு “இன்னைக்கு முடிஞ்சிரும்” என்று கிளம்புவாள். அந்த ஒரு நொடியில் இதெல்லாம் என் முகத்தில் வந்துபோயிருக்க வேண்டும். மங்கிய எழுத்தை வாசித்தே பிழைத்தவள் அவள். “சரி” என்றாள். புத்தகத்தை மூடி என்னிடம் தந்தாள். எந்தக் கடிதம் என்று கேட்கவே இல்லை. நானாகச் சொல்லத் தொடங்கியபோது, “வேண்டாம், நீ சொல்லி இப்ப என்ன செய்ய?” என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் செய்தது என்னை இன்னும் அதிர வைக்கிறது. ஆபீஸ் வாசலில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள். “புத்தகத்துல என் பேரு வரல. நான் அடிச்சு நம்பரக் கெடுத்துட்டேன். வந்துட்டுன்னு சொன்னது பொய்யி.” யார் சொன்ன பொய் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதையும் தன் பொய்யாகவே வைத்துக்கொண்டாள். இன்சூரன்ஸ் போடுகிறவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. “உங்க அத்தை எதுக்குத் தம்பி இப்பிடி வீண் பெரும பேசுனாங்க?” என்று என்னிடமே கேட்டார். அந்த வாரமே தனியாகப் பஸ் ஏறிக் குற்றாலம் போய்ப் பாயிடமும் சொல்லியிருக்கிறாள். “நம்பர் போனா என்னக்கா, துண்டு காயுதுல்லா” என்று அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

என்னோடு அவள் சண்டை போடவில்லை. சோறு போடுகிறாள், வேலைக்குக் கிளம்பும்போது “குடை எடுத்துக்க லே” என்கிறாள், எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாரையும்விட அதிகமாக என்னைப் புகழ்ந்ததும் அவள்தான். மாறியது ஒன்றே ஒன்று. தொலைக்காட்சிப் பெட்டிமேல் இப்போது எந்தக் காகிதமும் இருப்பதில்லை. தபால் வந்தால் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போகிறாள். அங்கே கடையத்திலிருந்து வந்திருக்கிற மருமகள் பிளஸ் டூ படித்தவள். முதலில் எனக்கு அது தெரியவே இல்லை. தெரிந்தபோது, கோபம் ஆற நாள் ஆகும் என்று நினைத்தேன். மூன்று சீசன் போய்விட்டது.

போன வாரம் அவளுக்கு வயிற்றில் எடுத்த ஸ்கேன் காகிதம் வந்தது. வலி என்று ஒரு மாதமாக ராத்திரியெல்லாம் சுருண்டு படுத்தவள். நான் வேலையிலிருந்து திரும்பியபோது எதிர்வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் நின்றபடி உறையைக் கிழித்தாள். நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். முழுக்க ஆங்கிலம், முழுக்க ஆஸ்பத்திரிச் சொற்கள். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். பெயரை வாசித்தாள், வயதை வாசித்தாள், ஈரல் என்று ஒன்றைத் தமிழில் சொன்னாள். “ஒரு எழுத்து விடாத. நல்லதுன்னாலும் கெட்டதுன்னாலும் இருக்கபடியே வாசி” என்றாள் அத்தை. நாலாவது வரியில் அந்தப் பெண் திக்கினாள். இரண்டாம் முறை முயன்றாள், வரவில்லை. தாளிலிருந்து தலையைத் தூக்கி, தெருவில் நிற்கிற என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும். இரண்டு எட்டு வைத்தால் போதும். என் கால் எழும்பியதுகூட நினைவிருக்கிறது.

அத்தை திரும்பவில்லை. நான் நிற்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

“அவனப் பாக்காதட்டி” என்றாள். “நீ வாசி.”